பதினெட்டாம் தேதி, அறுபத்துமூன்று முறை

கேக்கின் மேல் எண்ணை மாற்றிக் குத்திவிட்டார்கள் என்று, வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான பெண் பதறிப்போனாள். முப்பத்திரண்டு முடிந்த ஆளுக்கு மெழுகுவர்த்தி முப்பது என்று எரிந்துகொண்டிருந்தது. பிறந்தநாள்காரரே சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். இந்த ஆபீசில் யாருக்கும் முழு வயது கிடையாதாம், எல்லோருக்கும் 'கழிச்ச வயசு'தானாம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அந்த இரண்டு வருஷத்தை யார் வாழ்ந்தார்கள், வாழாத வருஷத்துக்கு எதற்கு வயது ஏற வேண்டும் என்று கேட்டார். அந்தப் பெண் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, தனக்கு இருபத்தொன்றுதான் ஆகிறது என்று சந்தோஷப்பட்டாள். கேக் வெட்டும்போது மட்டும் அந்தத் தளத்தில் ஒரு போனும் வராது. வாஷிங் மெஷின் கெட்டுப்போன வாடிக்கையாளர்கள்கூட அந்தப் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

அமைதி கடைசி வரிசையில் நின்று கைதட்டினான். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆபீசில் அமைதி. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில், புகார் சொல்ல அழைப்பவர்கள் காதில் ஒருத்தர் வீட்டு மிக்சி கேட்கும், ஒருத்தர் வீட்டு நாய் கேட்கும், ஒருத்தர் வீட்டு மாமியார் சண்டை முழுசாகக் கேட்கும். இவன் லைனில் மட்டும் ஒரு குண்டூசி விழுந்த சத்தம்கூட வராது. 'சத்தமில்லாத லைன்' என்று தொடர்ந்து ஐந்து மாதம் சான்றிதழ் வாங்கினான். பாராட்டுக் கூட்டத்தில் யாரோ அமைதி அண்ணன் என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. அவன் வீடு எவ்வளவு சத்தமாக இருந்தது என்பதும், மியூட் பட்டனின் மேல் விரலை வைத்தபடியே அவன் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

இப்படி எத்தனையோ பேச்சு அந்தக் காலத்தில் முளைத்து, காலம் போன பிறகும் போகாமல் தங்கிவிட்டது. யாராவது அறுத்தால் 'மியூட்ல போடு' என்கிறார்கள். பேனாவை எங்கே வைத்தோம் என்பது மறந்தால் 'லாக்டவுன் மூளை'. யாரிடம் எதைக் கேட்டாலும் மாதம், வருஷம் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமா, முதல் அலை. வேலை போனதா, இரண்டாவது அலை. புது வீடா, எல்லாம் முடிந்த பிறகு. அமைதி இவற்றையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டான். கழிச்ச வயசு மட்டும் பழகவில்லை. கதவுகள் சாத்திய வாரத்தில் அவன் மகன் பிறந்தான். இரண்டாவது அலையில், ஒரு வருஷமும் இரண்டு மாதமும் இருந்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குக் கிடைத்ததே அந்த வருஷங்கள்தான். அவற்றைக் கழித்தால் அவன் பிறக்கவே இல்லை.

கேக் துண்டை டிஷ்யூவில் வைத்துக் கொடுத்துக்கொண்டே டீம் லீடர் மேடம் ஒரு தகவலும் சொன்னார். வெள்ளிக்கிழமையோடு பழைய சாஃப்ட்வேரை மூடுகிறார்கள். அதில் இருக்கும் பழைய பதிவுகள் எல்லாம் அழிந்துவிடும். அழைப்புகளுக்குப் போடும் மதிப்பெண்ணில் குறைப்பு பற்றி யாருக்காவது பழைய முறையீடு இருந்தால் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். யாரும் தலைகூட நிமிர்த்தவில்லை. அந்தக் காலத்து மதிப்பெண் இப்போது யாருக்கு வேண்டும்? அமைதி மட்டும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். கிரீம் விரலில் இறங்கி வழிந்தது.

அவனிடம் ஒரு கடன் பாக்கியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பணமில்லை. அவன் மனைவி அவனிடம் ஒரு நாளைக் கேட்டிருந்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். நோய் வார்டில் போட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரி கொடுத்த விடுதியிலேயே தங்கினாள். அடுத்த எட்டு மாதத்தில் அவள் வீட்டில் இருந்தது இருபத்தாறு நாள். மீதி நாளெல்லாம் அப்பாவும் பிள்ளையும்தான். அவள் போனில் கேட்கும் முதல் கேள்வி, "முதலாளி என்ன பண்றாரு?" என்பது. தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளருக்கு 'சரிங்க சார்' போடும் மனுஷனை, தொட்டிலில் இருந்துகொண்டே ஒரு கத்தலில் எழுப்பி ஓட வைக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? தினமும் அமைதி முதலாளியை நாற்பது செகண்ட் வீடியோ எடுத்து அனுப்புவான். முதலாளி கையாட்டுவார், முதலாளி தலைகீழாகப் புத்தகம் படிப்பார். அவள் முகக்கவசத்தின் தழும்போடு விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

கடைசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு இளைத்தபோது, நாலு ஆஸ்பத்திரி வாசலில் இடமில்லை என்று சொன்னார்கள், ஐந்தாவதில் எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாள். இரண்டாவது நாள் அவளை உள்ளே விட்டார்கள். அங்கே யாரும் முகத்தைத் திறக்கக் கூடாது. கண்ணாடி, கவசம், தொப்பி என்று மூடிக்கொண்டு குனிந்தவளைப் பார்த்து, அம்மாவைப் போனில் வெறும் முகமாகவே பார்த்திருந்த பிள்ளை, யாரோ என்று பயந்து அழுது, முதல் நாளிலிருந்து கூடவே இருந்த அப்பா பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் அதற்காக ஒருநாளும் அழுது அவன் பார்த்ததில்லை. ஆனால் வீடியோக்களை அதன் பிறகு அவள் திறக்கவில்லை. அதெல்லாம் போனுக்காகச் சிரித்தது, எனக்கு அது வேண்டாம் என்றாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நீங்க அவன்கூட எட்டு மாசம் இருந்தீங்க. எனக்கு ஒரு நாள் சொல்லுங்க. காலையில எழுந்ததுலேருந்து சாயந்திரம் வரைக்கும். ஒரே ஒரு நாள்."

அமைதி வாயைத் திறந்தான். பால் கொடுத்தேன், தூங்கினான், விளையாடினான் என்று சொன்னான். அது எல்லா நாளும்தானே, ஒரு நாளைச் சொல்லுங்க என்றாள். அவனால் முடியவில்லை. திங்கள் எது, சனி எது என்று தெரியாமல் ஒரே ஜன்னல், ஒரே நாற்காலி, ஒரே பாட்டில் என்று ஓடிய நாட்கள் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. அதிலிருந்து ஒன்றைத் தனியே எடுக்க அவன் எத்தனையோ தடவை முயன்று பார்த்துவிட்டான். ஒரு நாளை இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாம், அவளுக்குத் தெரியவா போகிறது என்றும் தோன்றியதுண்டு. அந்த எண்ணம் வந்த அன்று அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை. இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காததுதான் அவனைக் கொன்றது.

வார்டில் நர்ஸுகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. நோயாளி விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் தங்களுக்குள்ளும் 'உனக்கு எவ்வளவு?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். தொண்ணூற்றாறு என்றால் தெம்பாக இருக்கிறாள் என்று அர்த்தம், எண்பத்தைந்து என்றால் தொட்டால் அழுதுவிடுவாள். அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. கேக் சாப்பிட்ட அன்று சாயந்திரம், அவள் செருப்பைக் கழற்றும்போது அமைதி கேட்டான், எவ்வளவு என்று. எண்பத்தொன்பது என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

மறுநாள் அவன் சர்வர் அறைக்குப் போனான். சர்வர்காரர் இடுப்புவலிக்காரர். நின்றபடியே வேலை செய்வார், நின்றபடியே சாப்பிடுவார். பேச்சும் உட்கார்ந்தால்தான் வரும் போல, மனிதர் வாயே திறக்க மாட்டார். அழைப்புகளின் குரல் பதிவு இருக்குமா என்று அமைதி கேட்டான். குரல் எல்லாம் ஒரு வருஷத்திலேயே போய்விட்டது, நேரப் பதிவு மட்டும் இருக்கிறது என்றார். அழைப்பு எப்போது வந்தது, எப்போது முடிந்தது, இடையில் மியூட்டை எப்போது அழுத்தினான், எப்போது விட்டான், எல்லாம் செகண்ட் சுத்தமாக. வேறு ஒன்றும் கிடையாது. அமைதிக்கு வேண்டியதே அதுதான். வாடிக்கையாளர் பேசும்போது அவன் மியூட்டை அழுத்தினான் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருந்தது. அந்தக் காரணம் தவழ்ந்துகொண்டே வந்து அவன் காலைப் பிடித்து எழுந்து நிற்கும்.

முழுப் பதிவையும் வெளியே கொடுக்க முடியாது, முறையீடு என்று ஒரு தேதி எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு நாளை மட்டும் அச்செடுத்துத் தரலாம் என்றார் சர்வர்காரர். படிவத்தில் தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது. எட்டு மாதத்தில் ஒரு நாள். அவனுக்குத் தெரிந்த ஒரே தேதி, பிப்ரவரி பதினெட்டு. அது அவனுக்கு ஞாபகம் இருந்து தெரிந்ததில்லை. அவள் சொல்லிச் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு மட்டும் அவன் வீடியோ அனுப்பவில்லை. காலையிலிருந்து விடுதியில் காத்திருந்து பார்த்துவிட்டு, மறுநாள் போனில் எள்ளும் கொள்ளுமாய் வெடித்தாள். அவன் ஏதோ கால் அதிகம் என்று மென்று விழுங்கினான். அவளிடம் துளிகூட இல்லாத நாள் அது ஒன்றுதான். அதையே எழுதினான். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கையைப் பிசைந்தான். சர்வர்காரர் பேனாவை வாங்கி 'மதிப்பெண் குறைப்பு' என்று அவரே எழுதிக்கொண்டார். பிரின்டரில் இருந்து மூன்று தாள் வந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"அறுபத்துமூணு தடவை. சாதாரணமா ஒரு ஆளுக்கு நாலஞ்சுக்கு மேல வராது," என்றார். பிறகு, "பையனா, பொண்ணா?" என்று கேட்டார்.

"பையன்."

அவர் தாள்கள் கசங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை தேடிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இருவருக்கும் விடுமுறை, அமைதி அந்த உறையை மேஜையில் வைத்தான். இது என்ன என்று சொல்ல அவனுக்கு நாலு வாக்கியம் தேவைப்பட்டது, நாலும் தடுமாறியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் தேதியைப் பார்த்தாள். பிறகு நோயாளியின் சார்ட்டைப் பார்ப்பது போல, பென்சிலை எடுத்து முதல் வரியில் வைத்தாள்.

ஒன்பது ஏழுக்குப் பத்தொன்பது செகண்ட். இது என்ன என்று கேட்டாள். தெரியவில்லை என்றான். ஒன்பது இருபத்திரண்டு. தெரியவில்லை. ஒன்பது முப்பது. தெரியவில்லை. அவனுக்கு முகம் எரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கோபப்படவில்லை. தெரியாத வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே போனாள். பத்து மணிக்கு மேல் ஓரிடத்தில் பென்சில் நின்றது. பத்து பன்னிரண்டு, பத்து பதிமூன்று, பத்து பதினாலு, அதற்கப்புறமும் நிமிஷத்துக்கு ஒன்றாக, மொத்தம் எட்டு வரி, ஒவ்வொன்றும் ஐந்தாறு செகண்ட்.

"ஊட்டியிருக்கீங்க," என்றாள். "ஒரு ஸ்பூன், ஒரு பேச்சு. ஒரு ஸ்பூன், ஒரு பேச்சு."

அமைதிக்குச் சட்டென்று கையில் ஸ்பூனின் கனம் வந்தது. ஆமாம் என்றான். துப்புவான், அதைத் துடைக்கத்தான் மியூட், துடைப்பதற்கு முன்னால் அவனே கையால் வழித்து தலையில் தேய்த்துக்கொள்வான் என்றான். அது அன்றைக்குத்தானா என்று கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, அது எல்லா நாளும் என்று உண்மையைச் சொன்னான். அவள் அந்த எட்டு வரிக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டாள்.

அவளே படிக்க ஆரம்பித்துவிட்டாள். எத்தனையோ பேருடைய இரவையும் பகலையும் வெறும் எண்களில் இருந்து படித்தவள். பதினொன்று ஐம்பதுக்குப் பிறகு ஒரு மணி இருபது வரைக்கும் வரியே இல்லை, அழைப்புகள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக இருந்தன. தூங்கியிருக்கிறான் என்றாள். ஒன்றரை மணி நேரம். நல்ல தூக்கம். எழுந்ததும் ஒன்று இருபதுக்கு ஐம்பது செகண்ட், எழுந்து அழுதிருக்கிறான், தூக்கியிருக்கிறீர்கள், உடனே அடங்கியிருக்கிறான். தன் பிள்ளை நன்றாகத் தூங்கினான் என்று, பிள்ளை போய் மூன்று வருஷம் கழித்து, அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை அவனால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த வீட்டுக்காரர் படிக்கட்டில் வாளியோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு முப்பத்தாறில் அவள் பென்சில் மறுபடி நின்றது. ஒரு அழைப்பு பதினாலு நிமிஷம் நீண்டிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் பொலபொலவென்று மியூட். அந்தப் பதினாலு நிமிஷத்தில் ஒன்றுகூட இல்லை. மறுபடி தூங்கிவிட்டானா என்று அவள் கேட்டாள். அதற்குள் எப்படித் தூங்குவான், இப்போதுதானே எழுந்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அமைதி எழுந்து நின்றுவிட்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த ஜன்னல், அந்த நாற்காலி, நாற்காலியின் காலடியில் பால்மாவு டப்பாவின் மூடி. இத்தனை நாள் குழைந்து கிடந்ததிலிருந்து ஒரு மத்தியானம் மட்டும் தனியாகக் கழன்று வந்தது.

ஒரு அம்மா பேசினார்கள் என்றான். கொஞ்சம் வயதானவர்கள். மெஷின் கதவு திறக்கவில்லை, துணி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீரும் இறங்கவில்லை. எத்தனை நாளாக என்று இவன் கேட்டதற்குப் பத்து நாள் என்றார்கள். பத்து நாளாக ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, வீட்டுக்காரரின் சட்டை அது, அவர் வந்து எடுத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன் என்றார்கள். இவன் அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்த நேரத்தில், கீழே முதலாளி டப்பா மூடியை எடுத்துத் தரையில் அடித்து, அதன் மேல் ஒரு பாட்டும் ஆரம்பித்தார். ஒரு நிமிஷம்மா, மியூட் பண்றேன் என்றபடியே இவன் விரல் தானாக மியூட்டுக்குப் போனது.

"அவங்க பதறிட்டாங்க. மியூட் பண்ணாதீங்க தம்பி, இந்த வீட்டுல சத்தம் கேட்டு பத்து நாளாச்சு, அது பாட்டுக்கு இருக்கட்டும்னாங்க," என்றான் அமைதி. "அப்புறம் யாரு அதுன்னு கேட்டாங்க. எங்க முதலாளிங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க."

மனைவி பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்புறம்?"

"நான் எதுவும் பேசல. அவங்களும் பேசல. அவன்தான் பேசினான். பதினாலு நிமிஷமும் அவன்தான். கடைசியில, உங்க முதலாளிக்கு நல்ல குரல்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. மெஷின் பத்தி சொல்லவே இல்ல. நானும் மறந்துட்டேன்."

அன்றைக்கு வீடியோ எடுக்காததற்குக் காரணம் அதுதானா என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியாது. இருக்கலாம். அதன் பிறகு போனை எடுத்து முதலாளி இங்கே பாரு, அம்மாவுக்குக் கையாட்டு என்று சொல்ல அவனுக்கு மனம் வராமல் போயிருக்கலாம். அவன் அதைச் சேர்த்துச் சொல்லவில்லை. அவள் நெடுநேரம் அந்த இரண்டு முப்பத்தாறையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரையும் தவிர உலகத்தில் இன்னொருத்தர் பிள்ளையின் குரலைக் கேட்டிருக்கிறார், எங்கேயோ ஒரு வீட்டில், மூடிய மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது. தாளில் விழுந்துவிடக் கூடாது என்று புறங்கையால் துடைத்தாள். பிறகு பென்சிலை எடுத்து அந்த அழைப்பின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள்.

அடுத்த வரி, இரண்டு ஐம்பத்திரண்டு. நாற்பத்தொரு செகண்ட். இது?

அமைதி கண்ணை மூடிப் பார்த்தான். மத்தியானம் மறுபடி மூடிக்கொண்டுவிட்டது. "தெரியல," என்றான். "சத்தியமா தெரியல."

பரவாயில்லை என்பது போல அவள் தலையை ஆட்டினாள். இந்தத் தடவை வரியைத் தாண்டிப் போகவில்லை. இடது கையைத் திருப்பி, நாடி பார்ப்பவள் பார்ப்பது போல, கடிகாரத்தை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். வலது கையை மேஜை மேல் நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். செகண்ட் முள் பன்னிரண்டைத் தொடும் வரை பொறுத்திருந்தாள். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அவனுக்குப் பயமாக இருந்தது. மெதுவாகக் கேட்டான்.

"எவ்வளவு?"

"இருங்க," என்றாள், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "எண்ணிட்டிருக்கேன்."

அவனும் அந்த முள்ளைப் பார்க்க ஆரம்பித்தான். அது எட்டைத் தாண்டி ஒரு கோடு நகர்ந்து நாற்பத்தொன்று ஆனதும் அவள் கையைக் கீழே இறக்கி, பென்சிலை அடுத்த வரிக்குக் கொண்டுபோனாள். இரண்டு ஐம்பத்தாறு. பன்னிரண்டு செகண்ட். மறுபடி கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டாள்.